கரும்பலகையில் எழுதிய சாப்பாடு

பிரான்சில் தேடிப்போய்ச் சாப்பிட வேண்டிய பல கடைகளில் அச்சடித்த மெனு அட்டை கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். அதில் சாக்பீஸால் எழுதிய பத்துப் பன்னிரண்டு வரி. எல்லாம் கூட்டெழுத்து, பாதிச் சொற்கள் சுருக்கப்பட்டவை, வெங்காயச் சூப்பின் ஆவி பட்டு இரண்டு வரி மங்கிப்போயிருக்கும். இந்தப் பலகையை அர்த்வாஸ் என்பார்கள். ஓரளவு பிரெஞ்சு படித்தவர்கள்கூட இதன் முன்னால் நின்று திணறுவதுண்டு. பாடப்புத்தகத்தில் பழகிய சொல்லே இங்கே அடையாளம் தெரியாமல் நிற்கும்.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் சொல்லித் தருகிறது. எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் பலகை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து விலை. அதற்கடுத்து ஒவ்வொரு வரியின் முதல் சொல். ஒரு சொல் பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அது என்னவாக இருக்கும் என்பதில் பாதியைச் சொல்லிவிடும். மிஞ்சுகிற ஒன்றிரண்டு சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்கவும் வேண்டும்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறேன். பலகையில் அவற்றுக்குக் கூடுதலாக எழுத்துகள் இருக்கும். சொல்லின் கடைசியில் வரும் டி, எஸ், எக்ஸ், இசட் போன்ற மெய்கள் பெரும்பாலும் ஒலிக்காது. எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்தின் பெயரையே சொல்கிறேன்.

பலகை எதற்கு

அர்த்வாஸ் என்பது ஒரு கல்லின் பெயர். கூரைக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுக்கும் பயன்பட்ட அதே கரும்பலகைக்கல். மேற்குப் பிரான்சில் ஆன்ழே நகரை அடுத்த த்ரெலாஸே இதற்குப் பேர்போன ஊர். அங்கே கடைசிச் சுரங்கம் 2013இல் மூடப்பட்டது. இன்று உணவகங்களில் தொங்குபவை பெரும்பாலும் கறுப்பு வண்ணம் பூசிய மரப்பலகைகள். பெயர் மட்டும் கல்லின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பலகையில் எழுதுவதற்குக் காரணம் சமையலறையில் இருக்கிறது. காலையில் சந்தையில் எந்த மீன் கிடைத்ததோ, எந்தக் கீரை நன்றாக இருந்ததோ, அதை வைத்துச் சமைப்பவருக்கு அச்சிட்ட அட்டை பயன்படாது. 1992இல் இவ் காம்தெபோர்த் என்ற சமையற்கலைஞர், பாரிஸின் ஆடம்பரமான கிரியோன் ஓட்டலில் வேலை பார்த்த பிறகு, 14ஆம் வட்டாரத்தில் லா ரெகாலாத் என்ற சிறிய பிஸ்த்ரோவை (எளிய உணவகத்தை) திறந்தார். உயர்ந்த கைத்திறன், எளிய மேஜை, நிலையான விலை என்பது அவர் வழி. அவரைப் போன்றவர்களின் பாதையில் வந்த கடைகளில் பலகை இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து வகை மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற்றம் அடைய வேண்டாம். பத்து வகையையும் இன்றைக்கு வாங்கி இன்றைக்கே சமைக்க முடியும். அறுபது வகை எழுதிய இடத்தில் அது நடக்காது.

பலகையை வாசிக்கும் முன்பே அதைப் பார்த்துச் சில முடிவுகளுக்கு வரலாம். ஒரு வரியை அழித்துவிட்டு மேலேயே வேறொன்று எழுதிய தடம் தெரிந்தால் நல்ல அறிகுறி. ஏதோ ஒன்று தீர்ந்து வேறொன்று வந்திருக்கிறது. நடுவே கோடு போட்டு அடித்திருந்தால் அந்தப் பண்டம் முடிந்துவிட்டது என்று பொருள், கேட்டுப் பயனில்லை. சாக்பீஸ் எழுத்துப் போலவே தொழிற்சாலையில் அச்சிட்டு, வருடம் முழுக்க மாறாமல், நான்கு மொழியில் தொங்கும் பலகைகளும் சுற்றுலாத் தெருக்களில் உண்டு. விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கடைகளுக்கு இந்த அத்தியாயம் தேவைப்படாது.

கையெழுத்தின் பூர்வீகம்

கடைக்குக் கடை கையெழுத்து மாறினாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பள்ளிக்கூடம் இருக்கிறது. பிரான்சில் ஆறு வயதில் முதல் வகுப்பிலேயே கூட்டெழுத்து கற்றுத் தருகிறார்கள். பிள்ளைகள் எழுதும் நோட்டில் ஒரு தடித்த கோட்டுக்கும் அடுத்த தடித்த கோட்டுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் ஓடும். எந்த எழுத்து எந்தக் கோடுவரை ஏற வேண்டும் என்பதற்கு அது அளவு. 1892இல் பொந்துவாஸ் ஊரைச் சேர்ந்த ஸெயேஸ் என்ற புத்தக வியாபாரி பதிவு செய்த கோட்டமைப்பு அது. இன்றும் பள்ளி நோட்டுகள் அதில்தான் வருகின்றன. ஆகவே ஒரு பலகையின் எழுத்தைப் பழகிக்கொண்டால் அடுத்த ஊரின் பலகையும் பாதி பழகியதாகிவிடும்.

எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் 1 நேரான கோடு அல்ல. கீழிருந்து ஒரு நீண்ட சாய்கோடு ஏறி, உச்சியில் மடங்கி, நேராக இறங்கும். நம் கண்ணுக்கு அது அச்சாக 7. அவர்களின் 7க்கு வயிற்றின் குறுக்கே ஒரு சிறு கோடு இருக்கும். குறுக்குக்கோடு இருந்தால் 7, இல்லாவிட்டால் 1 என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது. 77 யூரோ என்று அஞ்சி நடையைக் கட்டிய வரி 11 யூரோவாக இருக்கலாம். பைசாவுக்கு முன்னால் புள்ளி வராது, காற்புள்ளி வரும்: 14,50. சிலர் யூரோ குறியையே நடுவில் வைத்து 14€50 என்று எழுதுவார்கள். பலர் குறியையே விட்டுவிடுவார்கள். வரிக் கடைசியில் தனியாக நிற்கும் எண் விலைதான். இதில் ஒரு விலக்கு சிப்பி. சிப்பி வரியில் எண் 3 என்று இருந்தால் அது அளவு. எண் குறையக் குறையச் சிப்பி பெரிதாகும். 5 மிகச் சிறியது.

எழுத்துகளில் சிக்கல் தருபவை சில மட்டுமே. சிறிய பி எழுத்தின் வயிற்றைப் பலர் மூடமாட்டார்கள்; நீண்ட காலுடைய என் எழுத்தைப் போல நிற்கும். என், யு, எம், ஐ நான்கும் அடுத்தடுத்து வந்தால் வெறும் அலைகளாகத் தெரியும். அந்த அலைகளை எண்ண வேண்டாம், மேலே எத்தனை புள்ளி இருக்கிறது என்று பாருங்கள். சிறிய ஆர் ஒரு தோள்குலுக்கல் அளவுக்குத்தான் இருக்கும். இசட் எழுத்துக்குக் கோட்டுக்குக் கீழே ஒரு வால் தொங்கும். பெரிய எழுத்துகளில் டியும் எஃபும் ஒன்றுபோலவும், ஐயும் ஜேயும் ஒன்றுபோலவும் இருக்கும். எஸ், எல், ஜி மூன்றும் சுருண்டு சுருண்டு குழப்பும்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. பலகையில் உங்களுக்கு நிச்சயம் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். ஷொக்கொலா (சாக்லேட்) என்ற சொல் ஏறக்குறைய எல்லாப் பலகையிலும் கீழ்ப்பகுதியில் இருக்கும். தெஸேர் (இனிப்பு) என்ற தலைப்பு இருக்கும். அவற்றை வைத்து அந்தக் கை எஸ்ஸை எப்படி எழுதுகிறது, ஆரை எப்படி முடிக்கிறது, ஹெச்சை எங்கே வளைக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த எழுத்துகளை மேலே தேடுங்கள். ஐந்தாறு எழுத்து உறுதியானதும் மீதி தானாகத் திறக்கும்.

எழுத்தின் தலையில் இருக்கும் குறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். சொல்லின் கடைசியில் இ எழுத்தின் மேல் வலப்பக்கம் ஏறும் ஒரு சிறு கோடு இருந்தால், அந்தச் சொல் பெரும்பாலும் பண்டத்துக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறது: க்ரியே என்றால் சுட்டது, ப்ரேஸே என்றால் மூடிவைத்து மெதுவாக வேகவைத்தது, ஃப்யுமே என்றால் புகையூட்டியது, மாரினே என்றால் ஊறவைத்தது. அந்தச் சொல் புரியாவிட்டாலும் அது சமையல் முறை, பண்டத்தின் பெயரன்று என்று தெரிந்துகொண்டு தாண்டிப் போகலாம்.

ஒரு பலகையை வாசித்துப் பார்ப்போம்

மதிய வேளையில் பாரிஸில் காணக்கூடிய ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். மேலே ஓர் ஓரத்தில் மிதி என்று இருக்கிறது; மதியத்துக்கு மட்டும் என்று பொருள். அதன் கீழே ஈ கூட்டல் பி, அல்லது பி கூட்டல் டி, 19,50. அடுத்த வரியில் மூன்று எழுத்தும் கூட்டி 24.

இந்த மூன்று எழுத்துகள்தான் பலகையின் எலும்புக்கூடு. ஈ என்பது ஆந்த்ரே, முதலில் வரும் சிறு தட்டு. அமெரிக்காவில் இதே சொல்லை முக்கியத் தட்டுக்குச் சொல்வதால் பலர் தடுமாறுகிறார்கள். பிரான்சில் அது தொடக்கம் மட்டுமே. பி என்பது ப்ளா, முக்கியத் தட்டு. டி என்பது தெஸேர், இனிப்பு. முதல் தட்டும் முக்கியத் தட்டும் சேர்த்தோ, முக்கியத் தட்டும் இனிப்பும் சேர்த்தோ 19,50 யூரோ. மூன்றும் வேண்டுமானால் 24. இரண்டு தட்டுக் கணக்குக்கு ஃபோர்ம்யூல் என்று பெயர். மூன்றும் சேர்ந்த நிலையான சாப்பாட்டுக்கே அங்கே மெனு என்று பெயர். நாம் மெனு என்று சொல்லும் பட்டியலுக்கு அவர்கள் சொல்வது கார்த். மெனு வேண்டும் என்று கேட்டால் முழுச் சாப்பாடு வந்து இறங்கும்.

இந்த வரியின் பக்கத்தில் பொடி எழுத்தில் எஸ்எஃப் என்று தொடங்கும் குறிப்பு இருந்தால் கவனியுங்கள். ஸோஃப், அதாவது ‘தவிர’ என்பதன் சுருக்கம் அது. வார இறுதியும் விடுமுறை நாளும் தவிர என்று தொடரும். பக்கத்திலேயே ஓர் புவாஸோன் என்றும் இருக்கலாம்; ஓர் என்றால் ‘நீங்கலாக’. புவாஸோன் என்று நம் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களுக்கு முதலெழுத்து மட்டுமே வேறு: p-ஆக இருந்தால் மீன், b-ஆக இருந்தால் பானம். மீனுக்குக் கால் கீழே நீளும். பானத்துக்குக் கொம்பு மேலே ஏறும். ஓர் என்ற சொல்லை அடுத்து வரும் புவாஸோன் பானம்தான். குடிப்பதற்கு விலை தனி என்கிறது அந்தக் குறிப்பு.

இப்போது முதல் பகுதி. மூன்று வரி. முதலாவது வரி ஓவும் இயும் ஒட்டிய ஓர் எழுத்தில் தொடங்குகிறது, அடுத்து மாயோ. முட்டை மயோனைஸ். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மயோனைஸ் ஊற்றித் தருவது, பழைய பிஸ்த்ரோக்களின் அடையாளம். முட்டைக்குரிய சொல்லுக்கு முன்னால் கொம்பு வைத்த பி ஒன்று சேர்ந்தால் அது பெஃப், மாட்டிறைச்சி. சாக்பீஸ் மங்கி அந்த ஓரெழுத்து அழிந்தால் மாடு முட்டையாகிவிடும். இடத்தைப் பாருங்கள்: முதல் பகுதியில் மயோனைஸோடு இருப்பது முட்டை, நடுப்பகுதியில் கேரட்டோடும் ஒயினோடும் இருப்பது மாடு.

இரண்டாவது வரி புவாரோ என்று தொடங்கி வினேக் என்று பாதியில் நிற்கிறது. லீக் என்ற நீண்ட வெங்காயத்தாள் வகையை அவித்து வினிகர்-எண்ணெய்க் கலவையில் ஊறவைத்தது. பலகையில் சுருக்கும்போது சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவார்கள். ஷாம்பி என்றால் ஷாம்பின்யோன், காளான். மாயோ, ஷொக்கோ எல்லாம் இப்படித்தான். எழுத்தாகச் சுருங்குவது உருளைக்கிழங்கு: பிடிடி. புவாரோவோடு குழம்பக்கூடிய இரண்டு: புவார் என்றால் பேரிக்காய், புவாவ்ர் என்றால் மிளகு. பேரிக்காய் பெரும்பாலும் கீழே இனிப்பில் இருக்கும். மிளகு மாமிசத்தின் பின்னால் சாஸாக வரும். மூன்றாவது வரி தெரின், இறைச்சியை அரைத்து அச்சில் வேகவைத்து ஆறிய பின் துண்டு போட்டது. கிராமத்து முறை என்று பக்கத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றி.

நடுப்பகுதிக்கு வருவோம். ‘தோ த காபியோ, வெண்ணெய்ச் சாஸ், பசலை’ என்ற அமைப்பில் முதல் வரி. பிரெஞ்சுத் தட்டின் பெயர் ஏறக்குறைய எப்போதும் இந்த வரிசையில்தான் நடக்கும்: எந்தத் துண்டு, எதன் துண்டு, என்ன சாஸ், பக்கத்தில் என்ன. தோ என்றால் முதுகுப் பகுதி. காபியோ என்றால் காட் மீன். காற்புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் துணை. அவசரத்தில் இருந்தால் முதல் காற்புள்ளிவரை படித்தால் போதும்.

அடுத்த வரி ஓங்லே என்ற மாட்டுத் துண்டு, சின்ன வெங்காயம், பொரித்த உருளை, அடைப்புக்குள் கூட்டல் 3. அந்தத் தட்டை எடுத்தால் ஃபோர்ம்யூல் விலைக்கு மேல் 3 யூரோ சேரும். இந்தக் கூட்டல் குறியைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் கணக்குச் சீட்டைப் பார்த்து ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். மூன்றாவது வரி வாத்துப் பார்மாந்தியே. அதைப் பிறகு பார்ப்போம். கீழே இனிப்பில் மூன்று: ஈல் ஃப்ளோதாந்த், அதாவது பால் கஸ்டர்டில் மிதக்கும் அடித்த முட்டை வெள்ளை, ரீ ஓ லே, பால்சோறு, கடைசியாக ஃப்ரொமாழ், பாலாடைக்கட்டி.

அந்த ரீ என்ற சொல்லிடம் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆர்-ஐ-இசட் என்றால் அரிசி. ஆர்-ஐ-எஸ் என்றால் கன்றின் கழுத்துச் சுரப்பி. பிரெஞ்சுச் சமையலில் விலையுயர்ந்த உறுப்பு இறைச்சி. ஒலிப்பு ஒன்றே. இசட்டுக்கு வால் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட உறுதியான வழி, பின்னால் வோ என்று (வி, இ, ஏ, யு) எழுதியிருக்கிறதா என்பதும் விலை எங்கே நிற்கிறது என்பதும். பால்சோற்றுக்கு 30 யூரோ யாரும் போடமாட்டார்கள்.

மாடு என்று எழுதாத மாடு

தமிழ் வாசகர்களுக்கு நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இந்தப் பகுதி. மாட்டிறைச்சியோ பன்றியோ உண்ணாதவர்கள், மாமிசமே தொடாதவர்கள், பலகையில் அந்த மிருகத்தின் பெயரைத் தேடினால் போதாது. பிரெஞ்சுக்காரர்கள் துண்டின் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள், எந்த மிருகம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

ஆந்த்ரகோத், ஃபோ ஃபிலே, பாவெத், ஓங்லே, ரம்ஸ்தெக், பால்ரோன் எல்லாமே மாடு. தார்தார் என்று வெறுமனே இருந்தால் பச்சையாகக் கொத்திய மாட்டிறைச்சி. மீனாக இருந்தால் மீனின் பெயரைச் சேர்த்து எழுதுவார்கள். போத்தோஃபே மாடு. வோ என்பது கன்று. ப்ளாங்கெத் என்ற வெள்ளைக் குழம்பு வழக்கமாகக் கன்றில் செய்வது. காமார்க் பகுதிப் பக்கம் போனால் காளை என்று தனியாகவே எழுதியிருக்கும். ஃபிலே மின்யோன் என்பதை உலகின் மற்ற இடங்களில் மாடு என்று பழகியிருப்போம். பிரான்சில் அது பொதுவாகப் பன்றி. பெத்தி ஸாலே, எஷின், ஆந்தூயெத், பூதான் எல்லாம் பன்றிதான். ஆந்தூயெத் என்பது பன்றிக் குடலைக் குடலுக்குள்ளேயே திணித்த தொத்திறைச்சி. பக்கத்தில் ஐந்து ஏ எழுத்துகள் இருந்தால் அந்தப் பண்டத்தின் ரசிகர் சங்கம் ஒன்று தரம் சொன்னது என்று பொருள். வாசனை கடுமையாக இருக்கும். விரும்புகிறவர்களுக்கு அதைப்போல வேறில்லை.

காய்கறி போலத் தோன்றும் வரிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். லார்தோன் என்பது சின்னச் சின்னப் பன்றிக்கொழுப்புத் துண்டுகள். பயறு, கீரை சாலட், கிஷ், எதிலும் இருக்கும்; சில சமயம் எழுதப்படாமலே இருக்கும். தக்காளி ஃபார்ஸி என்றால் திணித்த தக்காளி; திணித்திருப்பது பொதுவாகக் கொத்திறைச்சி. லாந்த் சாலட்டில் வாத்தின் கல்லீரலோ இரைப்பையோ இருக்கும். வெங்காயச் சூப்பை வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில் செய்வார்கள். ஆலிவ் விழுதான தாபெனாதில் நெத்திலி போன்ற மீன் சேரும். வடக்குப் பிரான்சில் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு. மிகக் கண்டிப்பான சைவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்: பிரான்சின் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் உறையவைக்கப்படுபவை.

மறுபுறம், பெயர் பயமுறுத்தும் இடத்தில் நல்ல சைவமும் கிடைக்கும். லியோன் நகரின் பூஷோன் என்ற பழைய உணவகங்களில் ‘நெசவாளியின் மூளை’ என்று ஒரு பெயர் எழுதியிருக்கும்: ஸெர்வெல் த கான்யு. அது பூண்டும் வெங்காயத்தாளும் மூலிகையும் சேர்த்து அடித்த புதிய பாலாடைக்கட்டி. அதே பலகையில் ‘ராணுவப் பொறியியல் படைவீரனின் ஏப்ரன்’ என்று பொருள்தரும் தாப்லியே த ஸாப்பர் இருக்கும். அது ரொட்டித்தூள் தடவிப் பொரித்த மாட்டு இரைப்பை. அங்கே பெயரின் நேர்ப்பொருளை நம்பக் கூடாது. ஸூரி தான்யோவை போனின் மொழிபெயர்ப்புச் செயலி ஆட்டுக்குட்டியின் எலி என்று காட்டக்கூடும். அது குட்டியாட்டின் பின்னங்கால் தண்டு, எலும்பை விட்டுக் கழன்று வரும்வரை மெதுவாக வேகவைத்தது. லியே என்றால் இடம் என்றும், பார் என்றால் மதுக்கடை என்றும், மேக்ர் என்றால் ஒல்லி என்றும் அகராதி சொல்லும். மூன்றுமே பலகையில் மீன்கள். செயலி அச்செழுத்துக்கு உதவும். கூட்டெழுத்தும் சுருக்கமும் மங்கிய சாக்பீஸும் சேர்ந்தால் அது தடுமாறுகிறது. தடுமாறுவதை உங்களிடம் சொல்வதுமில்லை. உணவுத் தடையுள்ளவர்கள் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் ஒரு பண்டத்தை மறைத்து வைத்திருப்பது இன்னொரு வழக்கம். அந்தப் பார்மாந்தியே இங்கே வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கு உருளைக்கிழங்கைச் சாப்பிடக் கற்றுக்கொடுக்கப் பாடுபட்ட ஆந்துவான் ஒகுஸ்தான் பார்மாந்தியேயின் பெயர் அது. அவர் பெயர் இருந்தால் உருளைக்கிழங்கு இருக்கிறது. வாத்துப் பார்மாந்தியே என்றால் உதிர்த்த வாத்திறைச்சியின் மேல் மசித்த உருளை பரப்பிச் சுட்டது. அதேபோல் த்யுபாரி என்றால் காலிஃபிளவர், க்ரெஸி என்றால் கேரட், ஸேன் ழெர்மான் என்றால் பட்டாணி, ஃப்ளோராந்தின் என்றால் பசலை, லியோனேஸ் என்றால் வதக்கிய வெங்காயம், ஃபொரெஸ்தியேர் என்றால் காளான். சூப் வரியில் இவை வந்தால் உடனே பயன்படும்.

கேட்பதும் உரிமையும்

பலகையைத் தூக்கிவந்து உங்கள் மேஜையருகே ஒரு நாற்காலியில் சாய்த்துவைப்பார்கள். சற்று நேரத்தில் அடுத்த மேஜைக்குப் போய்விடும். ஆகவே வாசலிலேயே வாசித்துவிடுவது நல்லது. உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே தெரியும்படி வைத்தாக வேண்டும் என்பது 1987 முதல் உள்ள விதி: மதியத்துக்குக் குறைந்தது 11.30 மணியிலிருந்து, இரவுக்கு மாலை 6 மணியிலிருந்து. பலகையில் உள்ள விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம்; மேலே எதுவும் சேராது. ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீர்க் குடுவைக்கும் சாப்பாட்டோடு தனி விலை இல்லை. மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அறிவிப்பது 2002 முதலும், பன்றி, ஆடு, கோழிக்கு 2022 முதலும் கட்டாயம். பானையின் மேல் வீட்டுக்கூரை வரைந்த சிறு சின்னம் இருந்தால், பதப்படுத்தாத பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்று பொருள்; 2014இல் வந்த ஏற்பாடு அது. ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் பற்றிய விவரத்தை எழுத்தில் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்கும்போது முதலில் போன்ழூர். அது இல்லாமல் தொடங்கும் கேள்விக்குப் பதில் குளிர்ந்துதான் வரும். பிறகு விரலால் காட்டி, ‘கெஸ்கி எத் எக்ரீ இஸீ, சில் வூ ப்ளே?’ இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அர்த்தம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பக்கத்து மேஜைப் பிரெஞ்சுக்காரர்களும் இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாமிசமும் மீனும் வேண்டாம் என்றால் ‘ஸான் வியாந்த் நி புவாஸோன்’. லார்தோனைத் தனியாகப் பெயர் சொல்லியே கேளுங்கள், ‘இல் இயா தே லார்தோன்?’ என்று. வியாந்த் என்றதும் பெரிய துண்டுதான் பலர் மனதில் வரும், இந்தச் சில்லறைத் துண்டுகள் வராது.

பாரிஸின் உணவகச் சமையலறைகளில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே உங்களுக்கு அப்படி ஓர் உறவோ நட்போ இருந்தால், ஒரு மாலை அவர்களோடு நடந்து கடை வாசல் பலகைகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அந்தத் துண்டுகளைத் தினமும் கையால் வெட்டுகிறவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். எண்களைப் பழக வேண்டுமானால் 1896 முதல் நடக்கும் புய்யோன் ஷார்தியே என்ற உணவகம் அங்கே இருக்கிறது. அங்கே பரிமாறுபவர் உங்கள் கணக்கை மேஜையில் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார். 1, 7, 4 எல்லாம் உங்கள் கண்ணெதிரே பிறக்கும்.

ஒயின் பலகை தனியாகத் தொங்கும். அதில் திராட்சையின் பெயரைத் தேடாதீர்கள், பெரும்பாலும் ஊரின் பெயர்தான் இருக்கும். சிடிஆர் என்ற மூன்றெழுத்து கோத் த்யூ ரோன். விலைக்கு மேலே உள்ள தலைப்பு கோப்பையா, 25 அல்லது 50 சென்டிலிட்டர் குடுவையா, 75 சென்டிலிட்டர் புட்டியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கான பெரிய மாட்டுவிலாத் துண்டு போன்ற வரிகளிலும் இதே எச்சரிக்கை. 2 பெர்ஸ் என்று இருந்தால் இருவருக்கும் சேர்த்த விலை. ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் பெர்ஸ் என்று இருந்தால் ஆளுக்கு. சாய்கோட்டுக்குப் பின்னால் 100 கிராம் என்று இருந்தால் துண்டை எடை போட்ட பிறகுதான் விலை தெரியும், வெட்டும் முன்பே எடையைக் கேளுங்கள்.

இனிப்பு வரியின் அடியில் நட்சத்திரக் குறியோடு ஒரு வாக்கியம் இருந்தால் அதைச் சாப்பாடு தொடங்கும்போதே வாசித்துவிடுங்கள். ஸுஃப்லே, சூடான ஆப்பிள் தார்த் போன்றவற்றைச் சாப்பாட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். முக்கியத் தட்டு முடிந்த பிறகு கேட்டால் அடுப்பில் அதற்கு நேரம் இருக்காது.